ஆய்விதழ்களும் திறந்த அணுக்கமும்: ஒரு வரலாறு

திறந்த அணுக்கம் என்பது ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும், படியெடுக்கவும், பகிரவும் இடமளிக்கும் வெளியீட்டு முறையாகும். இது 2002ஆம் ஆண்டு முதல் ஓர் உலகளாவிய இயக்கமாக அறியப்படுகிறது. இன்று அறிவியல் கொள்கை குறித்து நடைபெறும் விவாதங்களில் முதன்மையானவற்றுள் இதுவும் ஒன்று.

இவ்விவாதம் ஏன் எழுந்தது என்பதை அறிய, ஒரு கட்டுரை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆய்வாளருக்கு ஊதியமும் ஆய்வுக்கூடமும் பெரும்பாலும் அரசின் நிதியிலிருந்து கிடைக்கின்றன. அவர் தம் கட்டுரையை எந்தத் தொகையும் பெறாமல் ஆய்விதழுக்கு அளிக்கிறார். அத்துறையைச் சேர்ந்த வேறு சில அறிஞர்கள், அவர்களும் பொதுவாக ஊதியமின்றி, அதைப் படித்துக் குறைநிறைகளைச் சொல்கிறார்கள். இதற்குச் சக அறிஞர் மதிப்பாய்வு என்று பெயர். கட்டுரை ஏற்கப்பட்டபின் அதன் பதிப்புரிமை வழக்கமாகப் பதிப்பகத்திற்குச் செல்கிறது. பின்னர் அதே ஆய்வாளரின் பல்கலைக்கழக நூலகம், அதே கட்டுரை வெளிவந்த இதழைச் சந்தா செலுத்தி வாங்குகிறது. ஆய்வுக்காக ஒரு முறையும் அதன் முடிவைப் படிப்பதற்காக மறு முறையும் பொதுப்பணம் செலவாகிறது. சந்தா கட்ட இயலாத கல்லூரியின் மாணவரோ, சிற்றூர் மருத்துவரோ அக்கட்டுரையைப் படிக்க முடிவதில்லை.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்தது அன்று. கடந்த 70 அல்லது 80 ஆண்டுகளில் உருவானது.

கடிதத்திலிருந்து இதழுக்கு

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பிய அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைக் கடிதம் மூலமே பிறருக்குத் தெரிவித்தனர். யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதில் அடிக்கடி பூசல் எழுந்தது. யாரேனும் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் முடிவுகளை மறைத்து வைத்தவர்களும் உண்டு.

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிசில் டெனி டி சல்லோ என்பவர் ‘ஜூர்னல் தே சவான்’ என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டனில் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ வெளிவந்தது. இதைத் தொடங்கியவர், வேந்தியக் கழகத்தின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க். அவர் செருமனியின் பிரமன் நகரில் பிறந்தவர். பல நாட்டு அறிஞர்களுடன் ஓயாது கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இக்கடிதத் தொடர்பே ஐயத்திற்கு இடமாகி, 1667இல் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார்.

ஓல்டன்பர்க் இதழைத் தம் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். அதில் வருவாய் கிடைக்கும் என்ற அவருடைய எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆயினும் அவர் வகுத்த முறை நிலைத்தது. கண்டுபிடிப்பை வெளிப்படையாகச் சொல்பவருக்கே முதன்மை என்ற மரபு உருவானது. மறைத்து வைப்பதைவிட வெளியிடுவது அறிஞருக்கு நன்மை தரும் என்ற நிலை ஏற்பட்டது.

1752இல் வேந்தியக் கழகம் அவ்விதழின் பொறுப்பை நேரடியாக ஏற்றது. அதன்பின் நீண்ட காலம் இதழால் இலாபம் கிடைக்கவில்லை. கழகம் அதைத் தன் கடமையாகக் கருதி நடத்தியது. உறுப்பினர்களுக்கும் பிற நாட்டுக் கழகங்களுக்கும் இதழ்கள் விலையின்றி அனுப்பப்பட்டன.

மதிப்பாய்வு முறையின் தோற்றம்

சக அறிஞர் மதிப்பாய்வு அறிவியலுடன் கூடவே பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது மெல்ல மெல்ல வளர்ந்த வழக்கமாகும். வேந்தியக் கழகத்தில் எழுத்துமூலமான மதிப்பீடுகள் 1830களில்தான் தொடங்கின. 1869இல் தொடங்கப்பட்ட ‘நேச்சர்’ இதழ், எல்லாக் கட்டுரைகளையும் வெளி மதிப்பாய்வுக்கு அனுப்பும் முறையை 1973இல்தான் கட்டாயமாக்கியது.

1936ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இம்முறையின் பயனைக் காட்டுகிறது. ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவுடன் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நேதன் ரோசனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை வேறோர் அறிஞரின் பார்வைக்கு அனுப்பினார். அவர் பிழைகளைச் சுட்டிக்காட்டினார். தம்மைக் கேளாமல் பிறருக்குக் காட்டியதற்காகச் சினமுற்ற ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் தவறு தெரியவந்தபோது, திருத்திய முடிவுடன் அது வேறோர் இதழில் வெளிவந்தது. அலைகள் இருப்பதாக 2016ஆம் ஆண்டு உறுதியான அறிவிப்பு வெளியானது. பெரிய அறிஞரின் கட்டுரைக்கும் மறுபார்வை தேவை என்பதற்கு இது நல்ல சான்று. அந்த மறுபார்வையைச் செய்தவரும் ஓர் அறிஞரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் ஆய்விதழ்கள்

படிக்க இதழ் கிடைக்காத நிலை இந்தியாவுக்குப் புதிதன்று. 1906ஆம் ஆண்டு இறுதியில், அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர், கணித ஆர்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் தனி ஒருவர் வாங்குவது கடினம். ஆகவே பலர் சேர்ந்து சந்தா செலுத்தி வாங்கி, அவற்றை அஞ்சல் வழியே உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விடலாம் என்பது அவருடைய திட்டம். 1907 ஏப்ரலில் 20 உறுப்பினர்களுடன் ‘அனலிடிக் கிளப்’ தொடங்கியது. அதன் நூலகம் புனே பெர்குசன் கல்லூரியில் அமைந்தது. அங்கிருந்து இதழ்கள் உறுப்பினர்களின் ஊர்களுக்கு அஞ்சலில் சென்று திரும்பின. 1909இல் இவ்வமைப்பு தனக்கென ஓர் இதழையும் தொடங்கியது. இதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர் பெற்றது.

சீனிவாச இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் வெளியானது இந்த இதழில்தான். அதற்கு முன்பு அவர் பெரிதும் சார்ந்திருந்தது, கார் என்பவர் தொகுத்த, தேற்றங்களை வரிசையாக அடுக்கிய ஒரு பழைய நூலையே. அன்றைய ஐரோப்பியக் கணித இதழ்கள் கும்பகோணத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஐரோப்பாவில் முன்னரே நிறுவப்பட்டிருந்த சில முடிவுகளை அவர் தாமே மீண்டும் கண்டறிய நேர்ந்தது. 1913இல் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் அத்தகைய முடிவுகள் இருந்தன. அவருடைய மேதைமையை இது குறைக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள அறிவை எட்ட முடியாதபோது ஒரு மேதையின் காலமும் வீணாகும் என்பதை இது காட்டுகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே 1906இல் இலண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் கட்டுரை எழுதியவர். நாட்டுக்குச் சொந்த ஆய்விதழ் வேண்டும் என்று அவர் கருதினார். கொல்கத்தாவில் 1926இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28 அன்று, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு கண்ட புதிய ஒளிச்சிதறலை, அடுத்த மாத இறுதியிலேயே அவ்விதழில் அச்சேற்றினார். இருவரின் குறிப்பு ‘நேச்சர்’ இதழிலும் வந்தது. இதே விளைவைத் தனியே கண்ட உருசிய அறிஞர்களின் கட்டுரை அவ்வாண்டு ஜூலையில்தான் வெளிவந்தது. கையருகே ஓர் இதழ் இருந்தது இராமனுக்கு உதவியது. 1934இல் அவர் பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் இன்றும் தன் இதழ்களை இணையத்தில் விலையின்றிப் படிக்கத் தருகிறது.

வணிகப் பதிப்பகங்களின் எழுச்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அறிவியலுக்குப் பெருந்தொகை ஒதுக்கின. ஆய்வாளர் எண்ணிக்கையும் கட்டுரைகளின் எண்ணிக்கையும் பெருகின. அறிவியல் கழகங்களின் இதழ்கள் இவ்வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறின.

இந்த வாய்ப்பை நன்கு புரிந்துகொண்டவர் இராபர்ட் மேக்ஸ்வெல். செக்கோசுலோவாக்கியாவில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறிய அவர், 1951இல் ஒரு சிறு பதிப்பகத்தை வாங்கி அதற்குப் பெர்கமான் பிரஸ் என்று பெயரிட்டார். மாநாடுகளுக்குச் சென்று அறிஞர்களைச் சந்தித்தார். ஒவ்வொரு புதிய துறைக்கும் ஒரு புதிய இதழ் என்று தொடங்கினார். நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தா செலுத்தின.

ஆய்விதழ்ச் சந்தை மற்றச் சந்தைகளிலிருந்து வேறுபட்டது. கடையில் ஒரு நிறுவனத்தின் சோப்பு விலை ஏறினால் மற்றொன்றை வாங்கலாம். ஓர் இதழில் வந்த கட்டுரைக்குப் பதிலாக வேறோர் இதழின் கட்டுரையைப் படிக்க முடியாது. இதழைத் தேர்ந்தெடுப்பவர் ஆய்வாளர்; பணம் செலுத்துவது நூலகம். எனவே விலை ஏறியபோதும் வாங்குவது குறையவில்லை. 1991இல் மேக்ஸ்வெல் பெர்கமானை டச்சு நிறுவனமான எல்சவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். 2010இல் எல்சவியரின் ஆய்விதழ்ப் பிரிவு ஈட்டிய இலாபம், வருவாயில் ஏறத்தாழ 36 விழுக்காடு. 2013இல் உலகில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஐந்து பெரிய பதிப்பகங்களின் வழியே வந்தவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பதிப்பகங்கள் இதற்குத் தம் விளக்கத்தைச் சொல்கின்றன. மதிப்பாய்வை ஒழுங்கு செய்தல், செம்மையாக்கல், இணையத்தளங்களைப் பராமரித்தல், பழைய தொகுதிகளைப் பாதுகாத்தல் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு என்பது அவர்களின் வாதம். செலவு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. விலை அச்செலவுக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

தாக்கக் காரணி

அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு, எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்பதைத் தொகுத்து 1964இல் ஒரு மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். தொடர்புடைய ஆய்வுகளைத் தேடி எடுக்க உதவுவதே அதன் நோக்கம். அதிலிருந்து இதழ்களை ஒப்பிடும் ‘தாக்கக் காரணி’ என்ற அளவை பிறந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், நடப்பாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே இவ்வெண். 1975 முதல் இது ஆண்டுதோறும் வெளியாகிறது.

எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் முடிவு செய்ய இது பயன்பட்டது. காலப்போக்கில் மனிதர்களை அளக்கவும் இதையே பயன்படுத்தத் தொடங்கினர். பணி நியமனம், பதவி உயர்வு, நிதியுதவி எல்லாம் எந்த இதழில் எத்தனை கட்டுரை என்பதைச் சார்ந்தன. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து அவ்வகுப்பில் உள்ள ஒரு மாணவரின் தகுதியைச் சொல்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இது. உயர்ந்த காரணி கொண்ட இதழிலும் யாராலும் மேற்கோள் காட்டப்படாத கட்டுரைகள் உண்டு. ஆயினும் பெயர்பெற்ற இதழ்களைத் தவிர்க்க ஆய்வாளர்களால் இயலாமல் போனது. விலை எவ்வளவு உயர்ந்தாலும் அவ்விதழ்களின் பிடி தளராததற்கு இது முக்கியக் காரணம்.

இணையமும் புடாபெஸ்ட் அறிக்கையும்

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாசில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் ஒரு கணினிக் களஞ்சியத்தைத் தொடங்கினார். மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரைகளை, அதாவது முன்அச்சுகளை, ஆய்வாளர்கள் அதில் இடலாம், எவரும் படிக்கலாம். ‘ஆர்க்சிவ்’ எனப்படும் இது பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. உருசியக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான், நூறாண்டுப் பழமையான பாயின்கரே புதிருக்கான விடையை 2002–2003இல் இங்குதான் வெளியிட்டார். எந்த ஆய்விதழுக்கும் அதை அவர் அனுப்பவில்லை. உலகக் கணிதவியலாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்றனர்.

2001 டிசம்பரில் அங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் கூடிய சிலர், 2002 பிப்ரவரி 14 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டனர். ‘திறந்த அணுக்கம்’ என்ற கருத்துக்கு இவ்வறிக்கையே பரவலான வரையறையைத் தந்தது. 2003இல் பெதெஸ்டா, பெர்லின் அறிக்கைகள் தொடர்ந்தன. அதே ஆண்டில் ‘பிளோஸ் பயாலஜி’ இதழ் வெளிவரத் தொடங்கியது.

திறந்த அணுக்கத்தில் மூன்று வழிகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன.

பசுமை வழி: ஆய்வாளர் தம் கட்டுரையின் ஒரு படியைப் பொதுக் களஞ்சியத்தில் இடுதல்.

பொன் வழி: இதழே கட்டுரையை அனைவருக்கும் திறந்து வைத்தல். பெரும்பாலும் இதற்கான செயலாக்கக் கட்டணத்தை எழுதியவர் அல்லது அவருடைய நிறுவனம் செலுத்த வேண்டும்.

வைர வழி: படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் பெறாமல், அரசோ பல்கலைக்கழகமோ அறிவியல் கழகமோ செலவை ஏற்றல்.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், தம் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள் 12 மாதங்களுக்குள் பொதுக் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும் என்று 2008இல் விதித்தன. 2025 ஜூலை முதல் இந்தக் காத்திருப்புக் காலமும் நீக்கப்பட்டது. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் ஒத்த கொள்கை ஒன்றை வெளியிட்டன.

கதவு மூடியிருந்தால் என்ன ஆகும்?

2014இல் லைபீரியா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவியது. அது ஓய்வதற்குள் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்நோய் அப்பகுதிக்குப் புதிது என்றே அதிகாரிகள் கருதியிருந்தனர். ஆனால் லைபீரியாவில் எபோலாவுக்கு வாய்ப்பு உண்டு என்று 1982லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்விதழில் எழுதியிருந்தனர். லைபீரிய நலவாழ்வுத் துறை அலுவலர்கள் 2015இல் இதை வெளிப்படுத்தினர். அத்தகைய கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்குள்ள மருத்துவரின் அரைவாரச் சம்பளம் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். கட்டணம் மட்டுமே அப்பேரிடருக்குக் காரணம் அன்று. மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் போதாமல் இருந்தன. அந்த ஆய்வில் லைபீரிய அறிஞர் எவரும் பங்குபெறவும் இல்லை. எனினும் ஒரு நாட்டு மக்களின் குருதியை ஆராய்ந்து கண்ட எச்சரிக்கை, அந்நாட்டு மருத்துவர்களை எட்டவில்லை என்பது உண்மை.

இதற்கு மாறானது 2020ஆம் ஆண்டு. கொரோனா தீநுண்மியின் மரபணு வரிசை ஜனவரி இரண்டாம் வாரத்தில் இணையத்தில் அனைவருக்கும் வெளியிடப்பட்டது. தடுப்பூசி ஆய்வுகள் உடனே தொடங்கின. பெரிய பதிப்பகங்களும் அந்நோய் குறித்த கட்டுரைகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டன. நெருக்கடியில் திறக்க முடிந்த கதவை மற்ற நேரங்களில் ஏன் திறக்க முடியாது என்ற கேள்வி அதன்பின் வலுத்தது.

எதிர்ப்பும் சட்டப் போராட்டமும்

செல்வம் மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகமே, பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு ஆண்டுதோறும் 37.5 இலட்சம் டாலர் ஆகிறது, இது தாங்க முடியாதது என்று 2012இல் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் திமோதி கவர்ஸ் விடுத்த அழைப்பை ஏற்று, எல்சவியர் இதழ்களுக்கு எழுதவோ மதிப்பாய்வு செய்யவோ மாட்டோம் என்று 10,000க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையொப்பமிட்டனர். 2019இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2021இல் புதிய நிபந்தனைகளுடன் உடன்பாடு ஏற்பட்டது.

சட்டத்தை மீறிய வழிகளும் தோன்றின. அமெரிக்க இளைஞர் ஆரன் சுவார்ட்ஸ், ஜேஸ்டோர் என்னும் மின்னூலகத்திலிருந்து இலட்சக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கியதற்காக 2011இல் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரியில், 26ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கசக்ஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011இல் தொடங்கிய ‘சை-ஹப்’ தளம், பதிப்பகங்களின் ஒப்புதலின்றிக் கோடிக்கணக்கான கட்டுரைகளை விலையின்றித் தந்தது. அமெரிக்க நீதிமன்றம் 2017இல் அத்தளத்திற்கு எதிராக 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இந்தியாவில் மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடின. பல இந்திய ஆய்வாளர்கள் அவ்வழக்கில் தம் தரப்பையும் கேட்குமாறு வேண்டினர். அத்தளத்தைப் பயன்படுத்தியது பதிப்புரிமைச் சட்டப்படி தவறு. அதைப் பயன்படுத்தியோர் எண்ணிக்கை, சட்ட வழியில் கிடைத்த வசதி எவ்வளவு குறைவு என்பதையும் காட்டியது.

சுமை இடம் மாறியது

2018 செப்டம்பரில் ஐரோப்பிய நிதி நல்கை அமைப்புகள் பல சேர்ந்து ‘பிளான் எஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தன. தம் நிதியில் நடக்கும் ஆய்வுகள் வெளியாகும் நாளிலேயே அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் விதி. இது 2021இல் நடைமுறைக்கு வந்தது. பதிப்பகங்கள் பல பொன் வழிக்கு மாறின. படிப்பவர் கொடுத்த பணத்தை இப்போது எழுதுபவர் கொடுக்க வேண்டியதாயிற்று.

2021 முதல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிடக் கட்டணம் 9,500 யூரோ என அறிவிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் அது 8 இலட்சம் ரூபாய்க்கும் மேல். அப்போது இந்தியாவில் இளநிலை ஆய்வாளர் ஒருவரின் மாத உதவித்தொகை 31,000 ரூபாய். அதாவது அவருடைய இரண்டாண்டு உதவித்தொகை முழுவதையும் சேர்த்தாலும் ஒரு கட்டுரைக் கட்டணத்திற்குப் போதாது. வறிய நாடுகளுக்குக் கட்டண விலக்குகள் உண்டு. எனினும் இந்தியா போன்ற நடுத்தர வருவாய் நாடுகளுக்கு அவை பெரும்பாலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. முன்பு படிக்க முடியாமல் வெளியே நின்றவர், இப்போது படிக்கலாம். ஆனால் எழுத முடியாமல் நிற்கிறார்.

கட்டுரைக்குக் கட்டணம் என்ற முறை போலி இதழ்களுக்கும் வழிவிட்டது. மதிப்பாய்வே இன்றிப் பணம் பெற்று வெளியிடும் இவற்றை ‘வேட்டை இதழ்கள்’ என்பர். 2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன், வெளிப்படையான பிழைகள் கொண்ட ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. இந்தியாவில் ஆசிரியர் பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்திற்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்டதால் இத்தகைய இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகளில் கைவிட்டது.

பெரிய பதிப்பகங்களும் இதற்கு விலக்கல்ல. வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிண்டாவி இதழ்களிலிருந்து 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பல, பணத்துக்குக் கட்டுரை எழுதித்தரும் ‘கட்டுரை ஆலை’களிலிருந்து வந்தவை என்று ஐயுறப்பட்டன.

ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று இந்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் பயன்பெறுவர் என்று அரசு அறிவித்தது. ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவரும் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவரும் ஒரே கட்டுரையைப் படிக்க முடிவது பெரிய மாற்றமாகும். பலர் சேர்ந்து சந்தா கட்டிப் பகிர்வது என்ற 1907ஆம் ஆண்டின் எண்ணம் நாடளவில் நிறைவேறியதாகவும் இதைக் கொள்ளலாம்.

குறைகளும் சுட்டப்படுகின்றன. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் சேர்க்கப்படவில்லை. அவை மிகுந்துள்ள தமிழ்நாட்டில் மாணவரில் பெரும்பகுதியினர் இதனால் வெளியே நிற்கின்றனர். நிறுவனம் சாராத ஆய்வாளர், பள்ளி ஆசிரியர், ஊரகத் தனி மருத்துவர் ஆகியோருக்கும் வழியில்லை. உலகம் திறந்த அணுக்கத்தை நோக்கி நகரும்போது சந்தாவுக்கே பெருந்தொகை செலவிடுவது சரியா என்றும் கேட்கப்படுகிறது. அத்தொகையில் ஒரு பகுதியை இந்திய இதழ்களை வளர்க்கவும் பொதுக் களஞ்சியங்களை வலுப்படுத்தவும் செலவிடலாம் என்பது மாற்றுக் கருத்து.

மாற்று வழிகள்

இலத்தீன் அமெரிக்க நாடுகள் வேறு பாதையைக் காட்டியுள்ளன. பிரேசிலில் 1990களின் இறுதியில் பொது நிதியில் தொடங்கிய ‘சியேலோ’ வலையமைப்பு, போர்த்துக்கீசிய, எசுப்பானிய மொழி இதழ்களையும் திறந்த முறையில் வெளியிடுகிறது. தாய்மொழியில் ஆய்வு எழுதுவோருக்கு இது ஓர் ஊக்கம். தமிழ்போன்ற மொழிகளில் ஆய்விதழ் நடத்துவோருக்கும் இவ்வனுபவம் பயன்படக்கூடியது.

மதிப்பீட்டு முறையை மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாகி 2013இல் வெளியான ‘டோரா’ அறிக்கை, ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2021 நவம்பரில் யுனெஸ்கோ திறந்த அறிவியல் குறித்த பரிந்துரையை ஏற்றது. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பதவி உயர்வுக் குழுக்கள் இதழின் பெயரைப் பார்த்து மதிப்பெண் இடும் வரை, ஆய்வாளர்கள் அவ்விதழ்களையே நாடுவர். அதுவரை சந்தாவோ கட்டணமோ, ஏதேனும் ஒரு வடிவில் விலை உயர்ந்தே இருக்கும்.

இந்தியாவின் ஒப்பந்தம் 2027 இறுதியில் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா, விரிவாக்குவதா, சொந்தத் திறந்த இதழ்களுக்கு நிதியைத் திருப்புவதா என்பதை அப்போது முடிவு செய்ய வேண்டியிருக்கும்.